பாம் ஷெல்டரில் மூன்றாம் பூச்சு

ஈசூன்
சிங்கப்பூர், 4 ஆகஸ்ட் 2024

உமா,

"போன் பண்ணாதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய். மெயில் போடாதீங்க என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று உன்னிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது. "சாப்பிட்டீங்களா" என்று இரண்டாவது வரி ஒன்று வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சரி, போகட்டும். அத்தையை மாடிப்படி ஏற விடாதே.

மெஷின் பேச்சை எடுத்தால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. "நான் திரும்பி வரும்போது இந்த ஹால்ல ஒண்ணு அந்தப் பொம்பளை இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்" என்று லிப்ட் வாசலில் நின்று கத்தினாயே, எதிர் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? நான் ஏதோ சின்ன வீடு வைத்திருக்கிறேன் என்று இந்த பிளாக் முழுக்கப் பேச்சாகியிருக்கும். இரும்புக் குண்டை ஓட்டி விளையாடுகிற பின்பால் மெஷினின் பலகையில் வரைந்திருக்கிற கடல்கன்னி என்று யாரிடம் போய் விளக்குவது?

அவள் மாராப்பில்லாமல் இருக்கிறாள், பூஜை மாடத்துக்கு நேர் எதிரே இருக்கிறாள் என்பதுதானே உன் குறை? ஞாயம்தான். நான் வாங்குவதற்கு முன் மெஷின் இருந்த பாரில் எத்தனையோ வருஷம் இரும்புக் குண்டு ஓடி ஓடி அவள் முகமும் பாதி போய் வெறும் பலகை தெரிகிறது. எப்படியும் புதுப் படம் ஒட்டியாக வேண்டும். அதனால் புதுப் படத்தில் அவளுக்குச் செதிலைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன். பலகையைத் துண்டு துண்டாக ஸ்கேன் பண்ணி, தேக்காவில் கடை போர்டும் லாரி ஸ்டிக்கரும் அடிக்கிற அஃப்ரீனிடம் கொடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, நவராத்திரிக்கு உனக்குப் பேனர் அடித்துக் கொடுத்த பெண். அவள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு, அடியில் வெள்ளை வைத்து மேலே கலர் அடித்துக் கொடுத்தாள். "அண்ணே, இது லாரி இல்ல லா, குண்டு ஓடுற இடம். ஓரம் தூக்கிக்கும்" என்று அப்போதே சொன்னாள். கேட்டேனா? ஒட்டி ஒரு வாரம் விளையாடிப் பார்த்தேன், அவள் சொன்னபடியே வால் பக்கம் உரிந்து வந்துவிட்டது.

இப்போது வழி தெரிந்துவிட்டது. இன்னும் மெல்லிய பிலிமில் அடித்து ஒட்டி, அதன் மேல் காருக்கு வார்னிஷ் மாதிரி அடிக்கிற கிளியர் லாக்கரை அடித்து, ஈர உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, மறுபடி அடித்தால் ஓரம் என்பதே இருக்காது. ஆயுசுக்கும் உரியாது.

எப்போது வருகிறாய் என்று மட்டும் எழுது.

கதிரேசன்


மன்னார்குடி
9 ஆகஸ்ட்

என்னங்க,

மெயில் கிடைத்தது. கழுத்து வரைக்கும் செதில் வைத்தால் அது கடல்கன்னியா? கொடுவா மீன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "மாப்பிள்ளைய ஏன்டி இந்தப் பாடு படுத்துற" என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது. எப்போதும் அவள் உங்கள் கட்சி.

கோபம் முழுசாகப் போகவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேனில் ஏற்றிக் கொண்டுவந்து ஹாலை அடைத்தீர்களே, அந்தக் கோபம் வேறு. அதை நேரில் பேசிக்கொள்கிறேன். போன் பண்ணாதீங்க என்றது வாய் தவறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பண்ணுங்கள். இங்கே ராத்திரியானால் அம்மா முனகுகிறாள், நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் குரலைக் கேட்டால் தேவலை போல இருக்கிறது.

இன்று தேசிய தினம் இல்லையா? கொடி கட்டினீர்களா? போன வருஷம் தலைகீழாகக் கட்டி, கீழ் வீட்டு அங்கிள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த லாக்கரை எங்கே வைத்து அடிக்கப் போகிறீர்கள்? காரிடாரில் அடித்தால் டவுன் கவுன்சிலுக்குப் புகார் போகும். வீட்டுக்குள்ளே அடிக்கிற உத்தேசம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உமாமகேஸ்வரி


ஈசூன்
18 ஆகஸ்ட்

உமா,

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. தொண்டை கட்டிவிட்டது, பேச்சே வரவில்லை. இது சீனர்கள் செத்தவர்களுக்குப் படைக்கிற ஏழாம் மாதம், மறந்துவிட்டாயா? சாயங்காலமானால் பிளாக் அடியில் பீப்பாய் பீப்பாயாகக் காகிதம் எரிக்கிறார்கள். புகை முழுக்க நம் ஜன்னலுக்குத்தான் வருகிறது. எல்லாருக்கும்தான் இருமல். பயப்பட ஒன்றுமில்லை.

எங்கே அடிப்பது என்று கேட்டாய் அல்லவா? நீ பாராட்டுவாய் பார். லாக்கருக்குப் பெரிய எதிரி தூசி. காய்வதற்குள் ஒரு தூசி விழுந்தால் போச்சு. நம் வீட்டில் தூசியே வராத இடம் எது? வீட்டுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அந்த பாம் ஷெல்டர்! ஜன்னல் கிடையாது, சுற்றிலும் கான்கிரீட், இரும்புக் கதவு. அரிசி மூட்டை, பெட்டிகள், தீபாவளி விளக்கு எல்லாவற்றையும் உன் அறைக்கு மாற்றிவிட்டேன். சுவரில் காற்று போக ஓட்டை விட்டிருக்கிறார்களே, அதையும் டேப் போட்டு அடைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் வாசனை வெளியே போகாது, எதிர் வீட்டுக்காரர் புகார் கொடுக்க மாட்டார். எப்படி என் மூளை?

லாக்கர் விற்ற கார் பெயிண்ட் கடை அங்கிள், "இறுக வைக்கிற மருந்து, ஹார்ட்னர் போட்ட சாமான், காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் போடணும்" என்றார். அது நாள் முழுக்கக் கார் அடிக்கிறவர்களுக்கு. நான் அடிப்பது ஒரு பலகை. புகைமூட்டத்துக்கும் கோவிட்டுக்கும் வாங்கிய என்95 மாஸ்க் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டேன்.

முதல் பூச்சு முடிந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறது, உமா. உள்ளே நிற்கும்போது ஒன்றும் தெரியவில்லை, படுத்த பிறகுதான் நெஞ்சைப் பிடித்தது. ஏசியைக் குறைத்தேன், சரியாகிவிட்டது.

கதிரேசன்


மன்னார்குடி
19 ஆகஸ்ட்

என்னங்க,

காலையில் மெயிலைப் படித்ததிலிருந்து உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. "வேலையில் இருக்கிறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. டிப்போவில் ரயில் கதவு ரிப்பேர் பண்ணுகிறவருக்கு ஒரு நிமிஷம் பேச நேரமில்லையா?

மூளையாம் மூளை! காற்று போகிற ஓட்டையை அடைத்துவிட்டு, இரும்புக் கதவையும் சாத்திக்கொண்டு, உள்ளே நின்று பெயிண்ட் அடிப்பார்களா யாராவது? குண்டு விழுந்தால் உயிரோடிருக்கக் கட்டின அறைக்குள் போயா இந்த வேலை?

என் அண்ணன் சுந்தரேசனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முழுசாகத் தெரியாது. அவனும் இப்படித்தான், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே சொல்வான். வீசிங் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்விடுவான், எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று. ஒருநாள் திருவாரூர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறான் என்று நினைத்தாராம். அவன் மூச்சில் வரும் அந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் போனை எடுக்காதது வேலையாலா? பேசினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றா?

அந்த டப்பாவைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள். ஷெல்டர் பக்கம் போகாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உமா


ஈசூன்
21 ஆகஸ்ட்

உமா,

போட்டோ இணைத்திருக்கிறேன். போதுமா? டப்பாவில் மண்டை ஓடு படம் எதுவும் இல்லை, வெறும் ஆச்சரியக்குறிதான். நம் வீட்டுப் பாத்ரூம் கழுவுகிற பாட்டிலிலும் அதுதான் இருக்கிறது.

சுந்தரேசனைப் பற்றி நீ இவ்வளவு எழுதினதே இல்லை. இரண்டு தடவை படித்தேன். ஆனால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, ஒரு நாள் கூட வந்ததில்லை. திடீரென்று எங்கிருந்து வரும்?

உன் மெயில் வருவதற்கு முன்பே இரண்டாம் பூச்சும் அடித்துவிட்டேன். அதனால் நீ சொல்லியும் போனேன் என்று திட்டாதே. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே பழைய பெயிண்ட் முடிகிறது, எங்கே ஸ்டிக்கர் தொடங்குகிறது என்று தெரியவில்லை. அஃப்ரீன் வந்து பார்த்து, "கம்பெனிக்காரன் கூட இப்படிப் பண்ண மாட்டான்ணே" என்றாள்.

ஒரே ஒரு குறை. கடல்கன்னியின் நெற்றியில் சரியாகப் பொட்டு வைத்த மாதிரி ஒரு கொசு விழுந்து ஒட்டிக்கொண்டது. எப்படித்தான் உள்ளே வந்ததோ! அதைத் தேய்த்து எடுத்துவிட்டு மூன்றாவதாக ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அவ்வளவுதான், முடிந்தது.

இரண்டு நாள் எம்சி வாங்கி லீவில் இருக்கிறேன். நேற்று லிப்ட் ரிப்பேர், படியேறி வந்தேன். மாடிக்கு மாடி நின்று போனைப் பார்க்கிற மாதிரி நடித்துக்கொண்டு வந்தேன், எதிர் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். வயதாகிறது, வேறொன்றுமில்லை. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள்.

கதிரேசன்


மன்னார்குடி
23 ஆகஸ்ட்

என்னங்க,

நேற்று அம்மாவுக்குத் தையல் பிரிக்கத் தஞ்சாவூர் போனோம். அங்கேயே நெஞ்சு டாக்டர் ஒருவர் இருக்கிறார். டோக்கன் போட்டு உட்கார்ந்து, உங்கள் டப்பா போட்டோவைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எத்தனை தடவை அடிச்சாரு? ரூம்ல ஜன்னல் இருக்கா? ராத்திரியில இழுக்குதா?" என்று வரிசையாகக் கேட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்த ஹார்ட்னர் ஆவிக்கு என்95 மாஸ்க் ஒரு பொருட்டே இல்லையாம், தூசியைத்தான் நிறுத்துமாம். ஆஸ்துமாவே இல்லாதவருக்கும் அது புதிதாக ஆஸ்துமாவைக் கொடுத்துவிடுமாம். ஒரு தடவை நெஞ்சு அதை விரோதியாக எடுத்துக்கொண்டுவிட்டால், அடுத்த தடவை துளி போதுமாம், மூச்சுக் குழாய் மூடிக்கொள்ளுமாம். "அடுத்த பூச்சுன்னு ஒண்ணு இருக்கவே கூடாதும்மா. கிளினிக்ல பெயிண்ட் விஷயத்தைச் சொன்னாரா?" என்று கேட்டார். சொல்லியிருக்க மாட்டீர்கள். ஏழாம் மாதத்துப் புகை என்றுதான் சொல்லியிருப்பீர்கள். சொன்னீர்களா இல்லையா?

அஃப்ரீனிடம் பேசினேன். "அக்கா, அண்ணனுக்கு ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலக்கா. பாதியில நிறுத்தி மூச்சு வாங்குறாரு. அக்காட்ட சொல்லாதன்னாரு" என்றாள். அப்படியென்றால் மெயிலில் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவது இதனால்தானா? விரலுக்கு மூச்சு வாங்காது என்றா?

அம்மாவைப் பார்த்துக்கொள்ள அன்னம்மா என்று ஒரு நர்ஸம்மா வீட்டோடு வந்து தங்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் மாதக் கடைசியில்தான் வர முடியுமாம். வந்த அன்றே நான் கிளம்பிவிடுவேன். அதுவரை அந்தக் கதவை நீங்கள் திறக்கவே கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஹார்ட்னர் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இரண்டையும் செய்வேன் என்று எழுதி அனுப்புங்கள். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

உமா


ஈசூன்
25 ஆகஸ்ட்

உமா,

சரி. ஷெல்டருக்குள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடுத்த வாரம் நாள் எழுதி வாங்கியிருக்கிறேன். சாப்பிடு.

ஒன்று மட்டும். நீ வந்து லிப்டிலிருந்து இறங்கும்போது எல்லாம் முடிந்து, கண்ணாடி மாட்டி, விளக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அரைகுறையாகப் பார்த்தால் அப்படியே திரும்பி லிப்டில் ஏறிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பயப்பட ஒன்றுமில்லை.

கதிர்


மன்னார்குடி
28 ஆகஸ்ட்

என்னங்க,

உங்கள் மெயில்கள் ஏன் இப்படிக் குட்டையாகிவிட்டன? மூன்று நாளாக அதுவும் இல்லை.

அஃப்ரீன் இப்போதுதான் சொன்னாள், அவள் கடையிலிருந்து ஈரம் போட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்கிப் போனீர்களாம். எதற்கு? கொசுவை எடுக்கவா? உள்ளே போகவில்லை என்று எழுதிக் கொடுத்த மனிதருக்குத் தாள் எதற்கு?

நான் சொன்னதை எல்லாம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவள் மாராப்பில்லாமலே இருக்கட்டும். பூஜை மாடத்தை நான் இடம் மாற்றிக்கொள்கிறேன். நெற்றியில் கொசு இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. நான் திரும்பி லிப்டில் ஏற மாட்டேன். ஹாலில் அவளும் இருக்கட்டும், நானும் இருக்கிறேன். உங்களைத்தான் கேட்கிறேன், நீங்கள் இருக்க வேண்டும்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை ஏறுகிறேன். ஒரு எழுத்தாவது பதில் போடுங்கள். சும்மா ஒரு புள்ளி வைத்தாவது அனுப்புங்கள்.

அஃப்ரீனை இப்போதே வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

உமா


ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே
3 செப்டம்பர்

என்னங்க,

தொண்டையிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள், இன்னும் ஓரிரு நாள் பேசக் கூடாது என்கிறார்கள். நான் வந்து நின்றபோது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. நர்ஸிடம் தாள் வாங்கி எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

நடந்தது உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ. அஃப்ரீன் வந்து மணி அடித்திருக்கிறாள், திறக்கவில்லை. வாசல் கிரில் வழியாகப் பார்த்தால் ஷெல்டர் கதவு பாதி திறந்து, நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம், கையில் ஸ்ப்ரே கன் அப்படியே இருந்ததாம். எதிர் வீட்டுக்காரர்தான் 995-க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, கட்டர் கொண்டுவந்து பூட்டை வெட்டியிருக்கிறார். அவரைப் பார்த்து நன்றி சொன்னேன். "கதவைத் தானே திறந்து வெளியே வரப் பார்த்தாரே, அதுதான் காப்பாத்திச்சு" என்றார்.

டாக்டர் சொன்னார், இனி வாழ்நாள் முழுக்க அந்தச் சாமான் பக்கம் போகக் கூடாது. டிப்போவில் பெயிண்ட் அடிக்கிற ஷெட் இருக்கிறதே, அந்தப் பக்கம் கூட நடக்கக் கூடாதாம். வேறு வேலை இடம் மாற்றச் சொல்லிக் கடிதம் தருகிறாராம். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஷெல்டருக்குள் போய் டேப்பை எல்லாம் கிழித்தேன். பலகையைப் பார்த்தேன். மூன்றாம் பூச்சை முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறீர்கள். நகத்தால் ஓரத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. உங்கள் கையால் இவ்வளவு அழகாக எதுவும் செய்து நான் பார்த்ததில்லை.

இன்று காலை டவுன் கவுன்சில் ஆட்களை வரச் சொல்லி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். பலகை, பெட்டி, விளக்கு எல்லாமே. கீழே லாரியில் போட்டு நசுக்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

நன்றாகக் காய்ந்த லாக்கர் ஒன்றும் செய்யாது, வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொன்னார். கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்தேன். அவர் சொன்னதை என் புத்தி நம்பியது, உடம்பு நம்பவில்லை. அந்தப் பலகையும் நீங்களும் ஒரே வீட்டில் இருந்தால் நான் ராத்திரி கண்ணை மூட மாட்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள், நான் அழுவேன், நீங்கள் சரி என்பீர்கள், அப்புறம் ஒரு நாள் கேட்காமல் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

கோபம் வரும். வரட்டும். எவ்வளவு நாளைக்கு வேண்டுமானாலும் என்னோடு பேசாமல் இருங்கள். கத்த மட்டும் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார். திட்டுவதை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். நான் வெளியே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உமா


(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில்)

உமா,

கோபம் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. அது அப்புறம்.

நீ வந்தபோது நான் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தூங்கினால் மூச்சு நின்றுவிடும் என்று வந்த நாளிலிருந்து தூங்கவே இல்லை.

பயமா இருக்கு. வெளியே உட்காராதே. உள்ளே வா.